ஒரே மடிக்கணினியில் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஒலி: ஹெட்போனில் மட்டும் ‘டக்’ சத்தம்

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் மடிக்கணினியில் மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். அடுத்த பாட்டை நான் மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்காக, மெயின் வெளியீட்டை யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக மண்டபத்து ஆம்ப்ளிஃபயருக்கும், ஹெட்போன் வெளியீட்டை மடிக்கணினியின் சொந்தத் துளைக்கும் கொடுத்திருக்கிறேன். பிரிந்து வருவதில் குறையில்லை. ஆனால் ஏறத்தாழ எட்டு, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட்போனில் ‘டக்’ என்று ஒரு வெட்டு விழுகிறது; ஸ்பீக்கரில் அது கேட்பதில்லை. பஃபர் (ஒலியைச் சற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) 23 மில்லிசெகண்ட்; யூஎஸ்பி கார்டு, மடிக்கணினியின் சொந்தக் கார்டு இரண்டும் 44,100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள். தாமதம் குறையட்டும் என்று பல சவுண்ட் கார்டு ஒத்திசைவை (கார்டுகளின் ஓட்டத்தை ஒன்றோடொன்று பொருத்தும் அமைப்பை) நிறுத்தி வைத்திருக்கிறேன். புளூடூத் ஹெட்போனுக்கு மாறினால் தீருமா?

மறுமொழி 1:
புளூடூத் வேண்டாம், நண்பரே. ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் பீட் கடந்துவிடும்; அதைக் கேட்டுப் பாட்டைப் பொருத்தவே முடியாது.

மறுமொழி 2:
நேரத்தைக் குறித்து வைத்ததுதான் நீங்கள் செய்த நல்ல காரியம். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் மாதிரிகளின் வேகத்தை நிர்ணயிக்கும் தனிப் படிகக் கடிகாரம் இருப்பதால், இரண்டிலும் 44,100 என்று அமைத்திருந்தாலும் அவை இம்மியளவு வேறுபட்டே ஓடும். நொடிக்கு இரண்டு மாதிரிகள் வித்தியாசம் என்று வையுங்கள். உங்கள் 23 மில்லிசெகண்ட் பஃபரில் 1,024 மாதிரிகள்தாம் உள்ளன, ஆகவே 512 நொடியில், அதாவது சுமார் எட்டரை நிமிடத்தில், அது தீர்ந்துபோய் வெட்டு விழும். மெயின் கார்டின் கடிகாரத்தை மென்பொருள் பின்பற்றுவதால் ஸ்பீக்கர் தப்பிக்கிறது.

சவுண்ட் ஹார்டுவேர் அமைப்பில் ஒத்திசைவை மீண்டும் இயல்பு நிலைக்கு, அதாவது நீண்ட தாமதம் என்றிருப்பதற்கு, மாற்றுங்கள். நிலையான தீர்வு, நான்கு வெளியீடு உள்ள ஒரே கார்டு: 1, 2 ஸ்பீக்கருக்கு, 3, 4 ஹெட்போனுக்கு, கடிகாரம் ஒன்றே. பிஹ்ரிங்கர் யூஎம்சி204எச்டி அவ்வகையைச் சேர்ந்தது. வாங்கும்போது வெளியீடுகளை எண்ணிப் பாருங்கள். ஹெட்போன் துளை இருப்பதாலேயே அது தனி வெளியீடு ஆகிவிடாது, பல கார்டுகளில் மெயின் ஒலியே அங்கும் வரும். டிஜே ஸ்ப்ளிட்டர் கேபிள் மலிவுதான், ஆனால் இடச் சேனலை ஒன்றுக்கும் வலச் சேனலை மற்றதற்கும் பிரிப்பதால் இரண்டுமே மோனோவாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ஒத்திசைவை மாற்றி நேற்றிரவு இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டேன். ஒரு வெட்டுகூட விழவில்லை. ஹெட்போன் சற்றுப் பிந்தி ஒலிப்பது மட்டும் தெரிகிறது. நான்கு வெளியீட்டுக் கார்டு வாங்கும் வரை இதிலேயே பழகிக்கொள்கிறேன்.