பழைய கார்: ராத்திரியில் காரணமில்லாமல் அலறும் ஒரிஜினல் அலாரம், ஸ்டார்ட் ஆனதும் நின்றுபோகும் எஞ்சின்

அப்பாவின்_செடான்:

வணக்கம் நண்பர்களே. அப்பா புதிதாக வாங்கி ஓட்டிய கார், இப்போது என்னிடம் இருக்கிறது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் திடமாகத்தான் இருக்கின்றன. கம்பெனியிலேயே பொருத்தி வந்த அலாரமும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத இம்மொபிலைசரும்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

பூட்டிவிட்டு வந்து படுத்தால் ராத்திரியில் சைரன் தானாக அலறுகிறது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ரிமோட்டை அழுத்தினால் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். ஒரு ராத்திரி பேட்டரி டெர்மினலையே கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை, விடாமல் கத்தியது!

இன்னொரு தொல்லையும் உண்டு. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது, ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறது. மீட்டர் போர்டில் சாவி படம் போட்ட விளக்கு படபடவென்று மின்னுகிறது. சாவியை எடுத்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். போன வருடம்தான் இந்தச் சாவிக்குப் புது மேலோடு மாற்றினோம்.

மெக்கானிக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேர் வயரிங் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அப்பா ஒரு வயரைக்கூட வெட்டவிடாமல் பார்த்துக்கொண்ட வண்டி இது. ஒரிஜினலாகவே சரிசெய்ய வழி இருக்கிறதா?

வேகத்தடை:

ரிமோட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் சார். எனக்கு அதிலேயே எல்லாம் சரியாகிவிட்டது.

வயர்மேன்_அண்ணா:

தம்பி, பிடுங்க வேண்டாம். இந்த வேலையில்தான் என் காலம் போயிருக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம்.

ரிமோட் பேட்டரி பற்றி மேலே சொன்னவருக்கு: அது கதவைப் பூட்டித் திறக்கவும் அலாரத்தை அடக்கவும் மட்டும். உங்கள் கார் போன்ற, சாவியைச் செருகித் திருப்பும் வண்டிகளில் எஞ்சினை ஓட விடுவது சாவித் தலைக்குள் இருக்கும் சிப். அதற்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் வளையம் இருக்கும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் அலை விடும், சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும். எண் சேரவில்லை என்றால் எஞ்சின் நின்றுவிடும். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அந்தத் தலைமுறை வண்டிகளுக்கெல்லாம் இப்போதுதான் வயதாகிறது, எனவே இந்தப் புகார் அடிக்கடி வருகிறது.

முதலில் மாற்றுச் சாவியை எடுத்து, அதை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோக்காதீர்கள், ஒரு சிப் இன்னொன்றைக் குழப்பும். மாற்றுச் சாவியில் தொல்லையே இல்லை என்றால் குறை பழைய சாவியின் சிப்பில். மேலோடு மாற்றியதாகச் சொன்னதும் எனக்கு அங்கேதான் சந்தேகம் விழுந்தது. அந்தச் சிப் பல சாவிகளில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய், சிலவற்றில் கறுப்பு ஆப்பு மாதிரி ஒரு துண்டு. மேலோட்டை மாற்றும்போது இடம் தவறி உட்கார்ந்திருக்கலாம், கண்ணாடியில் விரிசலும் விட்டிருக்கலாம்.

இரண்டு சாவியிலுமே நின்றால் காயில் வளையத்தின் கனெக்டரைப் பாருங்கள். பெரிய பேட்டரியையும் அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குக் காலம் முடிந்துவிட்டது. வோல்டேஜ் அப்படி விழும்போது பழைய கன்ட்ரோல் யூனிட்கள் தடுமாறும், அலாரமும் வீணாக அடிக்கும்.

இப்போது சைரன். மழையில் அதிகம் என்றால் நான் நேராகப் போவது பானெட் ஸ்விட்சுக்கு. பானெட் விளிம்பில் ஸ்பிரிங் வைத்த சின்னப் பொத்தான் இருக்கும். ரப்பர் கிழிந்து தண்ணீர் இறங்கினால் உள்ளே பச்சை பூக்கும். பானெட் மூடியே இருந்தாலும் திறந்துவிட்டதாக அலாரம் நினைக்கும். விரலால் அழுத்தி அழுத்தி விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பளிச்சென்று மாற வேண்டும். பானெட்டைத் தாங்கும் ரப்பர் கட்டைகளின் உயரமும் மாறியிருக்கலாம். அதனால் பொத்தான் முழுசாக அழுந்தாமல் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றியும் கத்தியதற்குக் காரணம், சைரனுக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. திருடன் வயரை வெட்டினாலும் அது கத்த வேண்டும், அதற்காக வைத்தது. இத்தனை வருடத்தில் அந்தச் செல்கள் கசிந்து போர்டையே அரித்திருக்கும். அந்த நிலையில் சைரன் தானாகவே கூவ ஆரம்பிக்கும். கையுறை போட்டுத் திறங்கள், கசிவு காரம், கண்ணில் படக் கூடாது. பல சைரன்கள் ஒட்டி மூடியவை, ஓரமாக ரம்பத்தால் அறுக்க வேண்டும். பழைய செல்லில் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே வகை வாங்குங்கள். தகடு வெல்டு செய்து வருவதாகப் பார்த்து வாங்குங்கள். செல்லின் மேலேயே நேராக ஈயம் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். மூடும்போது சிலிகான் தடவுங்கள், தண்ணீர் வடியும் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

அப்பாவின்_செடான்:

அண்ணா, ரொம்ப நன்றி. மாற்றுச் சாவியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழைய சாவியைக் காதருகே ஆட்டினால் உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்கிறது! பானெட் ஸ்விட்சைக் கழற்றினேன், நீங்கள் சொன்ன பச்சைதான். சைரனுக்குள் வெள்ளைப் பொடி அப்பிக் கிடக்கிறது, போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடங்கள் இரண்டு அறுந்திருக்கின்றன. மெக்கானிக்கோ இன்னும் நேர் வயரிங் என்றே நிற்கிறார்.

வயர்மேன்_அண்ணா:

அவர் நினைப்பது வெளியில் வாங்கி மாட்டும் அலாரத்தை. அதில் ரிலே வைத்து வயரை வெட்டியிருப்பார்கள், பிரித்து இணைத்தால் ஓடும். கம்பெனி இம்மொபிலைசரில் எண்ணைக் கேட்பது எஞ்சின் கம்ப்யூட்டரே. வயரை வெட்டினால் வண்டி நிரந்தரமாக நின்றுவிடும், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

இரண்டு தடம்தானே, மெல்லிய வயர் வைத்து இணைத்துவிடலாம். முதலில் வினிகர் தொட்ட பிரஷால் பொடியைத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தடங்கள் நிறைய போயிருந்தால் வேறு சைரன் தேடுவதுதான் சரி.

உருளும் சிப்பை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து ஒரு சொட்டுப் பசை போடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் புதுச் சிப் போட்டு வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சில கார்களில் செக்யூரிட்டி எண் கேட்கும். அப்பா வைத்திருந்த பழைய பைலில் அந்த எண் எழுதிய அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு சாவியும் வேலை செய்யும்போதே மூன்றாவது போட்டுவிடுவதும் நல்லது. சில வண்டிகளில் நல்ல சாவி இரண்டு கையில் இருந்தால்தான் புதுசை நாமே சேர்க்க முடியும்.