டெபியன் 12-ல வைஃபை காணோமுங்க, வழி சொல்லுங்க

சென்னிமலைத் தறி: பெட்ஷீட் கடையில பில் போடற பழைய லேப்டாப்புங்க. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சுதுன்னு டெபியன் 12-ங்கற லினக்ஸ் ஏத்துனேன். வைஃபை மட்டும் பேரே காட்டலீங்க. உள்ள என்ன வைஃபை சிப்புன்னு எல்எஸ்பிசிஐ கமாண்ட் அடிச்சா பிராட்காம் பிசிஎம்43142-ங்குது. போனை ஒயர்ல மாட்டி நெட் ஓட்டறேன். சிப்புக்குள்ள ஓடற ஃபர்ம்வேர் 12-லயே சேர்ந்து வரும்னாங்களே?

பொள்ளாச்சி ஆர்ச்: டெபியன்ங்கற பழைய சோறு வேண்டாமுங்க, ஆர்ச் லினக்ஸுக்கு வந்துருங்க.

பெருந்துறை சுழல்: வந்துட்டாருங்க ஒரம்பரை! போன மாசம் அப்டேட் போட்டுட்டு மெஷினை பூட் பண்ற கிரப்பை விடிய விடிய சரி பண்ணுனது யாருங்ணா?
தம்பி, 2023-ல வந்த 12-ல ஃபர்ம்வேர் சேர்ந்து வர்றது நெசந்தான். ஆனா இந்த சிப்புக்கு டிரைவரே மூடுன சரக்கு, நான்-ஃப்ரீங்கற தனிப் பிரிவுல கிடக்குது. பேக்கேஜ் எங்கிருந்து எடுக்கணும்னு சொல்ற சோர்சஸ் லிஸ்ட்ல அதைச் சேர்த்து, லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் ரெண்டு பேக்கேஜையும் போட்டு ரீபூட் பண்ணுங்க.

திருப்பூர் மின்ட்: எங்க லினக்ஸ் மின்ட்ல டிரைவர் மேனேஜர்ல ஒரு டிக்தானுங்க. சும்மா சொன்னேன்.

சென்னிமலைத் தறி: போட்டாச்சுங்ணா. டிரைவர் மாட்யூலை ஏத்துனா 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'ங்குது.

பொள்ளாச்சி ஆர்ச்: செக்யூர் பூட் ஆன்ல இருக்குதுங்க, தெரியாத கையெழுத்து இருக்கற மாட்யூலை உள்ள வுடாது. டிரைவரைக் கட்டற டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி உண்டாக்கி மாட்யூல்ல கையெழுத்துப் போடும். அந்தச் சாவியை உங்க மெஷினுக்கு இன்னும் யாரும் அறிமுகப்படுத்தல. வார்-லிப்-டிகேஎம்எஸ் ஃபோல்டர்ல மோக்.பப்ங்கற சாவி ஃபைல் இருக்கும், மோக்யூடில் கமாண்டுல இம்போர்ட் கொடுங்க. பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்ல நீலத் திரை வந்ததும் 'என்ரோல் மோக்'கை அமுக்குங்க. பத்து செகண்டுல போயிரும், டீக்குப் போயிராதீங்க. டெபியன் விக்கியில செக்யூர்பூட் பக்கம் பாருங்க.

பெருந்துறை சுழல்: ஆர்ச்காரர் வாயில டெபியன் விக்கி! சரி, நானும் சந்தேகம்னா ஆர்ச் விக்கிக்குத்தான் ஓடறேன், வெளிய சொல்லிறாதீங்க.

கோவை பிஎஸ்டி: ரெண்டு பேரும் ராத்திரியில கிளையன்ட் சர்வருக்குள்ள பூர்றது எதுலங்க? ஓபன்எஸ்எஸ்எச். 1999-ல ஓபன்பிஎஸ்டிங்கற எங்க ஓஎஸ் ஆளுங்க கொடுத்தது. வாடகை பாக்கி இருக்குது.

சென்னிமலைத் தறி: வந்துருச்சுங்க! நீலத் திரையை மொதல்ல வுட்டுட்டேன், மறுக்கா இம்போர்ட் போட்டுப் புடிச்சேன். பிஎஸ்டி அக்கா, வாடகைக்கு ஒரு பெட்ஷீட் எடுத்து வெச்சிருக்கேன். சுழல் அண்ணா, அப்டேட்ல லினக்ஸ் கர்னல் மாறுனா திரும்பவும் இதே கூத்துங்களா?

பெருந்துறை சுழல்: ஹெட்டர்ஸ் பேக்கேஜை மட்டும் தூக்கிறாதீங்க, டிகேஎம்எஸ் தானா டிரைவரைக் கட்டிக்கும். சாவி அறிமுகம் ஒருக்காத்தான்.