3 டன் மினி ஹிட்டாச்சிக்கு (மண்ணு தோண்டற சின்ன வண்டி) முதல்ல எந்த அட்டாச்மென்ட் (கை முனையில மாட்டற கருவி) வாங்கலாம்?

கோபி_தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன மாசம் செகண்ட்ஸ்ல ஒரு 3 டன் மினி ஹிட்டாச்சி எடுத்தேன் (வண்டி குபோட்டாதான், ஆனா நம்மூர்ல செயின் போட்ட வண்டின்னாலே ஹிட்டாச்சிதானுங்களே). 2100 மணி நேரம் ஓடியிருக்கு. கூட வந்தது ஒரே ஒரு 18 இஞ்ச் பல்லு பக்கெட். இப்போதைக்கு வேலைன்னு பாத்தா தடப்பள்ளி வாய்க்கா பாசனத்துல வாழத்தோட்டம், தென்ன, சொட்டுநீர் பைப்புக்கு குழி எடுக்கறது, ஊருக்குள்ள சந்துல செப்டிக் டேங்க் குழி, அப்பறம் நம்பியூர் பக்கம் போனா சுக்கான் பூமி (சுண்ணாம்புக்கல்லு கலந்த கெட்டி மண்ணு), அங்க இந்த பக்கெட் பல்லு வெறுமனே கீறிட்டு வருது. கையில ஒரு 3 லட்சம் இருக்குங்க. பிரேக்கர் (கல்லு, கான்கிரீட் உடைக்கற கருவி) வாங்கிப் போட்டா வாடகை ஜாஸ்தி கேக்கலாம்னு ஆபரேட்டர் தெனமும் காதுல ஓதிட்டே இருக்கான். வாங்கலாமா, இல்ல வேற என்ன வாங்கறது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டெல்டாக்காரன்:
தம்பி, ஆபரேட்டர் பிரேக்கர்தான் கேப்பான், அவனுக்கு அது பெருமை. ஒரு பிரேக்கர் வாங்குற காசுல மூணு பக்கெட் அடிச்சிடலாம், அதுலதான் உனக்கு வருஷம் பூரா சோறு. நான் மன்னார்குடி பக்கம், 5 வருஷமா மினி ஓட்றேன். மொதல்ல 3 அடி அகலத்துல பல்லு இல்லாத பக்கெட் ஒண்ணு வாங்கு, நாங்க மட் பக்கெட்டுன்னு சொல்லுவோம். ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்குள்ள வாய்க்கா தூர் வாரணும்னு ஏப்ரல் மே ரெண்டு மாசமும் போன் ஓயாது. பல்லு பக்கெட்ட வச்சி வாய்க்கா வாருனா கரை எல்லாம் கோடு கோடா கிழிஞ்சி அடுத்த மழைல சரியும், பல்லு இல்லாததுன்னா வழுவழுன்னு தேய்ச்சிட்டு வரும், வரப்பு போட, லெவல் அடிக்க எல்லாத்துக்கும் அதான். அடியில நாலஞ்சு ஓட்டை போடச் சொல்லு, தண்ணி வடிஞ்சிடும், இல்லைன்னா சேத்தோட சேந்து தண்ணியத்தான் தூக்கிட்டு இருப்ப. ஒண்ணு மட்டும் கவனம், இந்த பக்கெட்ட வச்சி கெட்டி மண்ண நோண்டாத, உதடு (பக்கெட்டோட முன் விளிம்பு) வளைஞ்சி போவும்.

ரெண்டாவது 12 இஞ்ச் பக்கெட். சொட்டுநீர் பைப்புக்கு ரெண்டடி ஆழம் போதும், அதுக்குப் போயி 18 இஞ்ச் அகலத்துக்கு எடுத்தா மூணுல ஒரு பங்கு மண்ணு சும்மா எடுத்து சும்மா தள்ளுறதுதான். மணிக் கணக்குல வாடகைன்னா உனக்கு லாபம்னு நெனைப்ப, ஆனா தோட்டக்காரன் அடுத்த தடவ கூப்பிட மாட்டான்.

மதுரை_மண்ணு:
அண்ணே சொன்னது கரெக்ட்டு. பிரேக்கர் வாங்கி பட்டவன் நான், அதான் எழுதுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி 53 எம்எம் ராடு (கல்ல அடிக்கிற உளி) பிரேக்கர் ஒண்ணு வாங்குனேன், மொத நாலு மாசம் பழைய வீட்டு கான்கிரீட் உடைக்கிற வேலை சும்மா பிச்சுக்கிட்டு போச்சு. அப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. உடைஞ்ச கம்பி குத்தி ரப்பர் செயின் ஒரு பக்கம் கிழிஞ்சது, ஆபரேட்டர் ராட விட்டே கல்ல நெம்புனதுல புஷ்ஷு (ராட சுத்தி இருக்கிற வளையம்) போச்சு, அதுக்கு மேல கல்லு உடைஞ்ச பொறவும் கால எடுக்காம காத்துல டக்டக்டக்குனு அடிச்சிக்கிட்டே இருப்பான், அந்த சத்தம் கேட்டாலே எனக்கு வயித்த கலக்கும், அந்த வெத்து அடியிலதான் பிரேக்கர் உள்ளுக்குள்ள உடையுது. ஒரே எடத்துல 15, 20 செகண்ட் அடிச்சும் பொளக்கலைன்னா எடத்த மாத்தணும், அங்கயே நின்னா ராடுதான் சூடேறும். கிரீசும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, அதுவும் ராட தரையில ஊன்டி நல்லா மேல அமுக்கிட்டு அடிக்கணும். தொங்க விட்டு அடிச்சா கிரீஸ் மேல ஏறி பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு சீல பேத்துரும்.

இதையெல்லாம் விட பெருசு ஹைட்ராலிக் ஆயில். சாதா தோண்டுற வேலைக்கு 1000 மணி நேரம் போகுற ஆயில், முக்காவாசி நேரம் பிரேக்கர்தான்னா 200 மணியிலயே மாத்தணும். இத வாடகைல சேத்து கணக்கு போட்டவன் யாரையும் நான் பாத்ததில்ல. உங்க ஊர்ல மாசம் எத்தன நாளு உடைக்கிற வேலை வருதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, அஞ்சாறு நாளுக்கு கம்மின்னா வாடகைக்கு பிரேக்கர் எடுத்துக்கங்க, போதும்.

கோபி_தோட்டம்:
ரொம்ப நன்றிங்ணா ரெண்டு பேருக்கும். பிரேக்கர் ஆசை பாதி போச்சு. அப்ப சுக்கானுக்கு என்ன பண்றதுங்க? அப்பறம் ஆகர் (திருகி குழி போடற கருவி) பத்தி யாரும் சொல்லலியே, தென்னங்குழி எடுக்க ஆகுமா? குயிக் கப்ளர் (பக்கெட்ட சட்டுனு மாட்டிக் கழட்டற கொக்கி) போட்டா ஒரு நிமிசத்துல மாத்தலாம்னு வீடியோல காட்றாங்க, அது தேவையா?

பொள்ளாச்சி_இளநி:
சுக்கானுக்கு ரிப்பர் போடுங்க தம்பி. ஒத்தப் பல்லு, பாக்க ஏர்க்கொழு மாதிரி இருக்கும். பக்கெட்டோட மொத்த பலமும் ஒரே முனையில எறங்குறதால சுக்கான், ஓடக்கல்லு எல்லாம் பாளம் பாளமா பேந்து வரும், அப்பறம் பக்கெட்ட மாட்டி அள்ளிக்கலாம். ஆயில் லைனே வேண்டியதில்ல, ரிப்பேருக்கும் ஒண்ணுமில்ல. சீமைக்கருவேலம், தென்னங்கட்ட புடுங்கறதுக்கும் அதேதான், சுத்தியும் வேர அறுத்துட்டு அப்பறம் தள்ளோணும். எடுத்ததும் நெம்புனா 3 டன் வண்டி பின்னாடி தூக்கிக்கும். கருங்கல்லுப் பாறைன்னா ரிப்பர் வேலைக்காகாது, அதுக்கு பிரேக்கர் இல்லைன்னா வெடிக்காரர்தான்.

ஆகர் தென்னைக்கு வேண்டாம். மூணுக்கு மூணு அடி குழி, 25 அடி இடைவெளின்னா ஏக்கருக்கு 70 வரும், அது 18 இஞ்ச் பக்கெட் வேலைதான், ஆகர்ல அந்த அகலம் வராது. ஆகர் எங்க காசு பாக்கும்னா கல்லுக்கால் ஊன்ற வேலி. 1000 அடி வேலி, 10 அடிக்கு ஒரு கால்னா நூறு குழி ஆச்சுங்களா, பக்கெட்ல எடுத்தா ஒவ்வொண்ணும் தொட்டி மாதிரி நீளமா வரும், கால நிறுத்தி சுத்தியும் மண்ணு போட்டு குத்தியே ஆள் ஓஞ்சு போவான். 9 இஞ்ச் ஆகர்ல ரெண்டடி எறக்கினா கால் நச்சுனு உக்காரும். ஆனா செம்மண்ணுல வெண்ணெ மாதிரி போறது உங்க வாய்க்கா பூமி களில சுத்திக்கிட்டு வெளிய வராது, திருப்பிச் சுத்தி உதறோணும், அதுக்கு வண்டில டூ வே லைன் (ஆயில் ரெண்டு பக்கமும் மாறி ஓடற பைப்பு) இருக்கோணும்.

கப்ளர் பத்தி... நான் போட்டிருந்தேன், கழட்டி வச்சிட்டேன். சொல்றதுக்கே கூச்சமா இருக்கு, ஒருநா அவசரத்துல 12 இஞ்ச் மாட்டிட்டு சேப்டி பின்ன சொருகல. நல்லாத்தான் கொக்கி புடிச்ச மாதிரி இருந்துச்சு. பூம (வண்டியோட பெரிய கைய) தூக்கி குழிக்கு மேல திருப்பறப்ப பக்கெட் கழண்டு பொத்துனு உள்ள விழுந்துது. பைப்பு ஒட்டற பையன் அப்பத்தான் கம்மு டப்பா எடுக்க மேல ஏறியிருந்தான். அன்னைக்கு ராத்திரி தூங்கல. கப்ளர் மேல தப்பில்ல, தப்பு என்னோடது. மாட்டினதும் பக்கெட்ட தரையோட தரையா அமுக்கி உள்பக்கம் மடக்கி ஆட்டிப் பாக்கோணும், எறங்கி வந்து பின்ன கண்ணால பாக்கோணும், அதுவரைக்கும் குழிக்குள்ள ஒரு ஆளும் நிக்கக்கூடாது. இன்னொண்ணு, சின்ன வண்டில கப்ளரோட எடையும் நீளமும் சேந்து தோண்ற பலத்த கொறைக்கும். நாளைக்கு ரெண்டு தடவ மாத்தறதுக்கு பின்ன தட்டிக் கழட்ட ஒரு சுத்தியலும் பித்தளக் கம்பியும் போதுங்க.

ஈரோடு_டிப்பர்:
ஆபரேட்டர் கேட்டா வாங்காதீங்க, கிளீனர் கேட்டா வாங்குங்க. கிரீஸ் அடிக்கறது அவந்தான் 😀

சேலம்_லேத்து:
எல்லாரும் எத வாங்கறதுன்னு சொல்லிட்டீங்க, எப்பிடி வாங்கறதுன்னு ஒருத்தரும் சொல்லல. தம்பி, 3 டன் பக்கெட்டுன்னு கேட்டு வாங்கிறாத, ஒரே டன்னுல கம்பெனிக்கு கம்பெனி அளவு வேற. பின்னு தடிமன், ரெண்டு பின்னுக்கும் நடுவுல செண்டர் டு செண்டர், ஆர்ம் (பக்கெட் மாட்டற கை) முனையோட அகலம், லிங்க் (பக்கெட்ட மடக்கற இணைப்பு) அகலம், இந்த நாலையும் அளந்து எழுதிட்டுப் போ. திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பட்டறைல அடிச்சிக் குடுப்பாங்க, உதட்டுக்கு மட்டும் கெட்டி பிளேட் கேளு, சாதா எம்எஸ் (மெது இரும்பு) பிளேட்டுன்னா ஒரே வருசத்துல தேஞ்சிரும். பக்கெட் கனமா இருந்தா நல்லதுன்னு நெனைக்காத, தூக்கற மண்ணோட எடை கொறையும், சைடுல திருப்பி கைய நீட்டினா செயின் தரைய விட்டு எந்திரிக்கும்.

பிரேக்கரோ ஆகரோ பின்னால எப்ப வாங்கினாலும், வண்டில இருந்து வர்ற ஆயில் நிமிசத்துக்கு எத்தன லிட்டர்னு பாத்துட்டு வாங்கு. பிரேக்கருக்கு வாங்கற அளவு பிளேட்லயே அடிச்சிருக்கும், அதுக்கு மேல தள்ளினா சீல் போவும், கம்மியா தள்ளினா அடி விழாது. பிரேக்கர் ரிட்டர்ன் லைன் நேரா டேங்குக்குப் போவோணும், அதயும் பாரு.

கோபி_தோட்டம்:
லேத்துண்ணா, இன்னைக்கு வெர்னியர் கடன் வாங்கி அளந்தேங்க. மத்ததெல்லாம் எழுதிட்டேன், பின்னு மட்டும் ஒரு பக்கம் 35 எம்எம், நடுவுல தேஞ்சு 34.1னு வருது. பக்கெட்ட கையில புடிச்சு ஆட்டினா லொடலொடங்குது. எந்த அளவுக்கு அடிக்கச் சொல்றதுங்க?

சேலம்_லேத்து:
35க்கே அடிக்கச் சொல்லு. ஆனா அதுக்கு முன்னாடி பின்னும் புஷ்ஷும் புதுசா போடு, தேஞ்ச பின்னுல புது பக்கெட்ட மாட்டினா அதோட காதும் (பின்னு போற ஓட்டை) ஆறே மாசத்துல முட்ட மாதிரி ஆயிரும். ஆர்ம் பக்க ஓட்டையயும் அளந்து பாத்தியா? அது நீள்வட்டமா இருந்தா வெல்டு வச்சு போரிங் அடிக்கோணும். போட்டோ எடுத்துப் போடு, பாத்துச் சொல்றேன்.