சீஸ்கஞ்ச் குருத்வாரா: தில்லியா, ஆனந்தப்பூரா?

கேள்வி – ரயில்பயணி
சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடத்திலுள்ள குருத்வாராவுக்குப் போகணும். சீஸ்கஞ்ச் என்று தேடினால் தில்லியிலும் காட்டுகிறது, பஞ்சாப் ஆனந்தப்பூர் சாகிபிலும் காட்டுகிறது. எது சரி? சீக்கியர் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா?

பதில் – பழைய தில்லி
இரண்டும் சரிதான். 'சீஸ்' என்றால் தலை. 1675 நவம்பரில் தலை வெட்டப்பட்டது தில்லி சாந்தினி சவுக்கில். சீடர் பாயி ஜைதா அதை ஆனந்தப்பூருக்குக் கொண்டுபோனார். தகனம் நடந்த இடம் அங்குள்ள சீஸ்கஞ்ச். உடலை லக்கி ஷா வஞ்சாரா என்ற பக்தர் எடுத்துப்போய், தனியே சிதை மூட்டினால் தெரிந்துவிடுமென்று தன் வீட்டோடு சேர்த்தே கொளுத்தினார். அந்த இடம்தான் ரகாப்கஞ்ச் குருத்வாரா, பாராளுமன்றத்துக்குப் பக்கம். சாந்தினி சவுக்கிலிருந்து மஞ்சள் தட மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தம் சென்ட்ரல் செக்ரட்டேரியட்.

பதில் – லங்கர்வாசி
யாரும் போகலாம். காரில் வாசல்வரை போக நினைக்காதீர்கள்; காலை 9 முதல் இரவு 9 வரை சாந்தினி சவுக் தெருவில் மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. செங்கோட்டை மெட்ரோவில் இறங்கி நடங்கள். சிகரெட், பீடி, குட்கா பையில்கூட இருக்கக்கூடாது. பலர் கோட்டைவிடுவது இதில்தான். செருப்பை ஜோடா கரில் கொடுத்து டோக்கன் வாங்கி, கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு உள்ளே போகணும். தொப்பி ஆகாது, துணிதான். சீக்கியர்களின் புனித நூலான கிரந்த சாகிப் பக்கம் கால் நீட்டி உட்காராதீர்கள். அல்வா மாதிரியான கடா பிரசாதத்தை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம அளவு என்பதால் கையெல்லாம் நெய்யாகும். லங்கரில் (எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடும் இடம்) ரொட்டிக்கும் இரு கைதான்.

ரயில்பயணி
நன்றி. மதச் சுதந்திரத்துக்காக உயிர்விட்டார் என்கிறார்களே, சீக்கிய மதத்துக்காகத்தானே?

பதில் – பழைய தில்லி
இல்லை, விஷயமே அங்கேதான். கிருபா ராம் தலைமையில் காஷ்மீரப் பண்டிதர்கள் ஆனந்தப்பூர் வந்து, மதம் மாறச் சொல்லி முகலாய ஆட்சியில் நெருக்குகிறார்கள் என்று முறையிட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. குரு நானக் பூணூலை ஏற்காதவர். அவர் வழியில் வந்த ஒன்பதாவது குரு, அடுத்தவர் பூணூலுக்காகத் தலை கொடுத்தார். பாரசீக மொழியிலுள்ள ஒரு வரலாற்று நூல் வேறு காரணம் சொல்கிறது, ஆனால் அது நூறு வருடம் கழித்து எழுதியது. கூடப் பிடிபட்ட மூவரை முன்னதாகவே கொன்றார்கள்: மதி தாஸை ரம்பத்தால் அறுத்து, தயாளாவைக் கொப்பரையில் வேகவைத்து, சதி தாஸைப் பஞ்சில் சுற்றி எரித்து. தில்லி சீஸ்கஞ்சில், குருவின் தலை வெட்டப்பட்ட இடத்து ஆலமரத்தின் அடிமரத்தையும், குரு குளித்த கிணற்றையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஹாலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்.