ஷிட்ஸூ நாய்க்குட்டி வீடு முழுக்க உச்சா போகுது, எப்படி பழக்குறது?

வேளச்சேரி_ரம்யா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ரெண்டரை மாச ஷிட்ஸூ பெண் குட்டி இருக்கு, பேரு மிட்டாய். நாங்க இருக்கறது மூணாவது மாடி ஃப்ளாட், தடுப்பூசி இன்னும் முடியல அதனால கீழ இறக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பால்கனில ட்ரெய்னிங் பேட் (உச்சாவை உறிஞ்சிக்கற விரிப்பு) போட்டு வச்சிருக்கோம், சில நேரம் கரெக்டா அதுல போகுது, ஆனா பாதி நேரம் வாசல் மிதியடில, இல்லன்னா சோஃபா பின்னாடி போய் போயிடுது. நானும் அவரும் ஆபீஸ் போயிடுவோம், பகல்ல அத்தை மட்டும்தான், அவங்களால குனிஞ்சு குனிஞ்சு துடைக்க முடியல. பக்கத்து வீட்டு அங்கிள் மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ச்சா புரிஞ்சுக்கும்ங்கறார், எனக்கு மனசு வரல. வேற வழி இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பொமேரியன்_வீடு:
சிஸ்டர் மூக்கைத் தேய்க்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். போன உச்சாவுக்கும் இப்ப விழுற திட்டுக்கும் அதால முடிச்சு போட முடியாது, இவங்க முன்னாடி போனா ஆபத்துன்னு மட்டும் புரிஞ்சுக்கும், அப்புறம் நம்ம கண்ணுல படாத இடமா தேடிப் போகும். சோஃபா பின்னாடி போகுதுன்னு சொல்றீங்களே, வீட்ல யாராவது அதட்டுறாங்களான்னு பாருங்க.

அடுத்து அந்த மிதியடி. குட்டிங்க எங்க போறதுன்னு காலுக்கு அடியில இருக்கற தரையை வச்சும் பழகும். பேடும் மெத்துனு இருக்கு மிதியடியும் மெத்துனு இருக்கு, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால கொஞ்ச நாளைக்கு வீட்ல இருக்கற மிதியடி, கார்பெட், பாத்ரூம் வாசல் துணி எல்லாத்தையும் சுருட்டி மேல வச்சிடுங்க, மெத்துனு இருக்கறது பேட் மட்டும்தான்னு ஆகட்டும்.

முழு வீட்டையும் இப்பவே திறந்து விடாதீங்க. அத்தை உக்கார்ற ரூம்லயே ஒரு மூலையில மடக்குற ப்ளே பென் (குட்டியை உள்ள விடற சின்ன வேலி) வாங்கி வைங்க, ஒரு ஓரம் படுக்கை, எதிர் ஓரம் பேட். படுக்குற இடத்துல நாய் சாதாரணமா போகாது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல, விளையாடி முடிச்சதும், இந்த மூணு நேரமும் தூக்கிட்டுப் போய் பேட்ல விட்டு ‘உச்சா போ’ன்னு ஒரே வார்த்தையை சொல்லுங்க, போய் முடிச்ச அந்த நிமிஷமே அவிச்ச சிக்கன் ஒரு துணுக்கு குடுங்க, உள்ள வந்து ஃப்ரிட்ஜ் திறந்து குடுத்தா எதுக்குக் குடுத்தாங்கன்னே தெரியாது. தரையை மோந்துக்கிட்டே வட்டம் போட்டா உடனே தூக்கிடணும். இந்த வயசுல எத்தனை மாசமோ கிட்டத்தட்ட அத்தனை மணி நேரம்தான் அடக்கும், சின்ன ப்ரீடுக்கு இன்னும் கம்மி.

மதுரை_செல்வம்:
எதை வச்சு துடைக்கறீங்க? ஃபினாயில்னா நிறுத்திடுங்க. நமக்குத்தான் ஃபினாயில் வாசம், அதோட மூக்குக்கு ஃபினாயிலுக்கு அடியில இருக்கற உச்சா வாசம் அப்படியே தெரியும், திரும்ப அங்கயே வரும். தரையில இருக்கற ஃபினாயில் பாதத்துல ஒட்டி அதை நக்குறதும் குட்டிக்கு நல்லதில்ல. முதல்ல பழைய துணியால ஒத்தி எடுங்க, அப்புறம் பெட் ஷாப்ல என்சைம் க்ளீனர்னு (உச்சா வாசத்தையே சிதைச்சு எடுக்கற திரவம்) கேட்டு வாங்கி தெளிச்சு ஊற விட்டு துடைங்க. வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்தும் துடைக்கலாம், ஆனா மார்பிள் தரைன்னா வேண்டாம், பாலிஷ் போயிடும்.

வெட்_காலேஜ்_பொண்ணு:
ரம்யா அக்கா, டாக்டர் சொன்னது சரிதான், கடைசி பூஸ்டர் ஊசி 16 வார வயசு வாக்குல வரும், அது வரைக்கும் தெரு மண்ணுல விடாதீங்க, குட்டிங்க உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். உச்சா குறையட்டும்னு தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க, சென்னை வெயிலுக்கு அது ரொம்ப ஆபத்து. சாப்பாட்டையும் குறைக்காதீங்க, சின்ன ப்ரீடு குட்டி ரொம்ப நேரம் வெறும் வயித்துல இருந்தா சர்க்கரை இறங்கி சுருண்டு விழுந்துடும். மூணு நாலு வேளையா பிரிச்சு ஒரே டைம்ல குடுங்க, கக்கா நேரமும் ஒழுங்காயிடும். அப்புறம் அடிக்கடி உக்காந்து சொட்டு சொட்டா போனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ அது பழக்கம் இல்ல, இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், பெண் குட்டிங்களுக்கு அதிகம் வரும், உடனே காட்டுங்க.

வேளச்சேரி_ரம்யா:
ரொம்ப ரொம்ப நன்றி. அத்தை அதட்டத்தான் செய்யறாங்க, பேசிப் பாக்கறேன். மிதியடி எல்லாம் இப்பவே எடுத்தாச்சு. ஒரு டவுட், இப்ப பேட்லயே பழகிட்டா பின்னாடி வெளிய போகவே மாட்டேன்னு அடம் பிடிக்காதா? நைட் என்ன பண்றது?

பொமேரியன்_வீடு:
அடம் பிடிக்கும்தான், அதனால தடுப்பூசி முடியுற சமயத்துல பேட் மேல ஒரு துண்டு செயற்கைப் புல்லை போட்டு பழக்குங்க, முதல் நாள் கீழ போகும்போது உச்சா பட்ட பேடை கையோட எடுத்துட்டுப் போய் புல்லுல வைங்க, வாசம் புடிச்சு போயிடும். நைட் படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை விடுங்க, நடுராத்திரி சிணுங்கினா லைட் போடாம, கொஞ்சாம, தூக்கிட்டுப் போய் விட்டுட்டு திரும்ப படுக்க வச்சிடுங்க. பால்கனி டைல்ஸ் மத்தியானம் சுடும், அந்த நேரத்துக்கு பேடை உள்ள எடுத்து வைக்க அத்தைகிட்ட சொல்லிடுங்க.