கடலூர் நெல்லிக்குப்பம் சாலை வீடு

அக்கா: வீட்டைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். புது மனைப்பிரிவு, 2 படுக்கையறை, மாடியில் 3 கிலோவாட் சோலார். கரண்ட் பில்லே வராது என்கிறார்கள். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

அம்மா: எத்தனை மணிக்குப் போனீர்கள்?

அக்கா: காலை 10 மணிக்கு அம்மா. உள்ளே ஜில்லென்று இருந்தது.

அம்மா: மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நாளைக்கு 3 மணி வெயிலில் இன்னொரு தடவை போய்ப் பாரு. அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

தம்பி: அக்கா, விலையில் சோலார் மானியத்தைக் கழித்திருக்கிறார்களா?

அக்கா: ஆமாம்டா, 78,000 கழித்துச் சொன்னார்கள்.

தம்பி: அதை எழுத்தில் வாங்கு. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அதுதான் மானியம். ஆனால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் விண்ணப்பித்து, பேனல் மாட்டி, சோதனை முடிந்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். மீட்டர் இன்னும் உன் பெயருக்கு மாறவே இல்லையே.

(மறுநாள்)

அக்கா: அம்மா, போனோம். மேற்குப் பக்கப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். கட்டில் போட அந்தச் சுவர் ஓரம்தான் இடம் இருக்கிறது. மொட்டைமாடியில் வெறும் சிமெண்ட் பூச்சு.

சித்தப்பா: எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கும் சூட்டை ராத்திரியில்தான் கீழே இறக்கும். நீங்கள் படுக்கிற நேரம் பார்த்து ஏசி விடாமல் ஓடும். 3 கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் கொடுக்கும், அதில் பாதியை இந்தச் சூடே தின்றுவிடும். முதலில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் போட்டு, மேலே வெள்ளைக் கூலிங் டைல் பதிக்கச் சொல். மேற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு வேண்டும். பேனலைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

தம்பி: ஃபேனும் பாரு அக்கா. சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் போலத்தான் இழுக்கும். நம் ஊரில் ஃபேன் எப்போது நிற்கிறது?

அம்மா: இன்வெர்ட்டர் எங்கே மாட்டியிருக்கிறார்கள்?

அக்கா: போர்டிகோ சுவரில், முழங்கால் உயரத்தில்.

அம்மா: முழங்கால் உயரமா! 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை புரண்டது மறந்துவிட்டதா? அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டாயா?

அக்கா: கேட்கவில்லை அம்மா.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். பக்கத்து வீடுகளில் விசாரித்துவிட்டு மேஸ்திரியிடம் பேசலாம். பேனல் தாங்கும் கம்பியையும் பார்க்க வேண்டும், உப்புக்காற்றுக்கு நல்ல கால்வனைஸ்டாக இல்லாவிட்டால் துரு ஏறிவிடும்.

அக்கா: சரி சித்தப்பா, 3 மணிக்கே வாருங்கள். அட்வான்ஸ் பிறகு என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.