பிஸ்கோ சவர்: அடங்கிப்போகும் நுரையும் அடங்காத உரிமைச் சண்டையும்

கேள்வி – நுரைப்பிரியன்

திராட்சையிலிருந்து வடிக்கும் பிஸ்கோ என்ற மதுவைக் கொண்டு செய்யும் கலவைப் பானமான பிஸ்கோ சவரைத் தயாரிக்கும் குறிப்புகளைத் தேடினால், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வகைகள் கிடைக்கின்றன. ஒரு வகையில் பிஸ்கோ, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு ஆகியவற்றோடு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துக் குலுக்கி, மேலே அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்பான நறுமணச் சாறு சில சொட்டுகள் விடச் சொல்கிறார்கள். மற்றதில் முட்டையும் கிடையாது, பிட்டர்ஸும் கிடையாது. முன்னது பெருவின் முறை, பின்னது சிலியின் முறை என்கிறார்கள். எது மூலம் என்று கேட்டால் இரு நாட்டாரும் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். வெள்ளைக்கரு சேர்க்கும் முறையில் நுரை நன்றாகத்தான் எழுகிறது. ஆனால் குவளையில் ஊற்றிய சற்று நேரத்திலேயே பெரிய குமிழிகளாக உடைந்து அடங்கிவிடுகிறதே, அது ஏன்? அடுத்து, இந்தப் பானம் தங்களுடையது என்று சொல்ல எந்த நாட்டிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது?

மறுமொழி – குலுக்குவோன்

தாங்கள் தொடக்கத்திலேயே ஐஸ் போட்டுக் குலுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்கருவில் உள்ள புரதங்கள் சுருள் பிரிந்து காற்றைச் சுற்றிப் படலமாகப் படிந்தால்தான் நுரை நிற்கும். குளிர்ச்சி அதைத் தாமதப்படுத்துகிறது, உருகும் ஐஸ் நீரோ கலவையை நீர்த்துவிடுகிறது. எனவே முதலில் ஐஸ் இல்லாமல் எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றி, கை சோரும்வரை குலுக்குங்கள். அதன் பிறகு ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, வெளிப்புறம் பனி பூத்தாற்போல வெளுக்கும்வரை மறுபடியும் குலுக்கி வடிகட்டுங்கள். மஞ்சள்கரு இம்மியளவு கலந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுக்கும் என்பதால், முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை, பன்னாட்டு பார்டெண்டர் சங்கத்தின் குறிப்பு 60 மி.லி. பிஸ்கோ, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. பாகு, ஒரு வெள்ளைக்கரு என்கிறது. பெருவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு பிஸ்கோ மூன்று பங்கு, சாறு ஒன்று, பாகு ஒன்று. ஒரு குவளைக்கு ஒரு முழு வெள்ளைக்கரு அதிகம் என்பது என் கருத்து, பாதி போதும். எலுமிச்சையை இறுகப் பிழிய வேண்டாம், தோலின் கசப்பு இறங்கிவிடும்.

பிட்டர்ஸ் வெறும் அலங்காரம் அன்று. நுரை குவளையின் விளிம்பில் நிற்பதால், குடிக்கும்போது முதலில் மூக்கில் ஏறுவது பச்சை முட்டையின் வாடைதான். அதை மறைக்கவே நுரையின் மேல் அந்தச் சொட்டுகள். இன்னொன்று: சாராயமும் புளிப்பும் பச்சை முட்டையிலுள்ள கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அச்சமிருந்தால் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருவை வாங்குங்கள்.

மறுமொழி – பழைய ஏடு

இந்தச் சண்டையில் பிஸ்கோ என்ற மது யாருடையது, பிஸ்கோ சவர் என்ற கலவை யாருடையது என்ற இரண்டு வழக்குகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். கலவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரு தரப்பு முன்வைக்கும் பெயர் விக்டர் மோரிஸ். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரிலிருந்து 1903-இல் பெருவுக்கு வந்து செர்ரோ தே பாஸ்கோவில் ரயில்வே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1916-இல் லிமாவில் சொந்தமாக மதுக்கூடம் திறந்தார். 1929-இல் அது மூடப்படும்வரை அங்கே பரிமாறப்பட்ட பிஸ்கோ சவர், விஸ்கியைக் கொண்டு இதேபோல் செய்யும் விஸ்கி சவரைப் பார்த்து உருவானது என்பதே பொதுவான கருத்து. வெள்ளைக்கருவையும் பிட்டர்ஸையும் சேர்த்தவர் அவரிடம் பணியாற்றிய மரியோ புருகெட் என்று சொல்வதுண்டு. ஆனால் 1903-இல் லிமாவில் வெளியான ஒரு சமையல் நூலிலேயே பிஸ்கோ, வெள்ளைக்கரு, சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் சேர்ந்த குறிப்பு இருப்பதால், மோரிஸ் ஒன்றுமில்லாததிலிருந்து கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது.

சிலி தரப்பில் சொல்லப்படுவது எலியட் ஸ்டப் என்ற ஆங்கிலேயக் கப்பல் பணியாளரின் கதை: 1872-இல் இக்கிக்கே துறைமுகத்தில் இறங்கி மதுக்கூடம் வைத்து, அவ்வூர் எலுமிச்சையைக் கொண்டு இதை உருவாக்கினாராம். அந்தக் கதையின் மூலச் செய்தி பேசுவது விஸ்கி சவரைப் பற்றியே என்று ஆய்வாளர் கியெர்மோ தோரோ-லிரா மறுக்கிறார். அது ஒருபுறமிருக்க, 1872-இல் இக்கிக்கே பெருவின் ஊர்! 1879-இல் தொடங்கிய பசிபிக் போருக்குப் பின்னரே அது சிலியின் கைக்குப் போனது. ஆகவே கதை மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் சிலிக்கு அது உதவாது. இரு தரப்பும் நிறுத்தும் முதன்மைச் சாட்சிகளில் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஆங்கிலேயர் என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி – எல்கி வாசகன்

பழைய ஏடு ஐயா சொல்வதை ஏற்கிறேன். வெள்ளைக்கரு நுரையோடு கூடிய பானம் லிமாவுடையதே. ஆனால் அதைக் காட்டிச் சிலியின் பிஸ்கோவையே போலி என்று பேசுவதை ஏற்க முடியாது. அடகாமா, கொக்கிம்போ பகுதிகளில் வடிக்கப்படுவதற்கே அந்தப் பெயர் உரியது என்று சிலி 1931-லேயே சட்டம் இயற்றிவிட்டது. எல்கி பள்ளத்தாக்கின் லா உனியோன் என்ற ஊருக்கு 1936-இல் பிஸ்கோ எல்கி என்று பெயர் மாற்றியது, பிஸ்கோ என்ற பெயரிலேயே ஏற்றுமதி செய்வதற்கான வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஏற்பாடுதான். அதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அங்கே திராட்சையைக் காய்ச்சி வடிக்கும் மரபு அந்தச் சட்டத்துக்கு மிகவும் முந்தையது.

சிலியின் சவர், பெருவின் சவரில் முட்டை போட மறந்த வடிவம் அன்று. பீக்கா எலுமிச்சையின் மணமும் பிஸ்கோவின் மணமும் நுரைத் திரையின்றி நேராக நாவில் பட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நுரைப்பிரியன்

அனைவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது 35 பாகை (நூற்றுக்கு 35 பங்கு ஆல்கஹால்) சிலிப் பிஸ்கோ. அதில் பெருவின் முறையைப் பின்பற்றலாமா?

குலுக்குவோன்

தாராளமாகப் பின்பற்றலாம், ஆனால் அளவை அப்படியே எடுக்க வேண்டாம். பெருவில் நீர் சேர்க்காமல், குடிக்கும் வீரியத்திலேயே வாலையிலிருந்து (வடிகலத்திலிருந்து) இறக்குவார்கள். 38 முதல் 48 பாகைவரை இருக்கும், மரப்பீப்பாயில் வைக்கவும் கூடாது. சிலியில் நீர் சேர்த்து வீரியத்தைக் குறைக்கலாம், மரத்தில் முதிரவைக்கவும் செய்யலாம். 35 பாகையில் மூன்றுக்கு ஒன்று என்று பாகு ஊற்றினால் இனிப்பு தூக்கலாகிவிடும், 60 மி.லி. பிஸ்கோவுக்கு 15 மி.லி. பாகில் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள். பெரு நாட்டு விருந்தினர் யாரேனும் வந்தால் மட்டும் பாட்டிலை மேசையில் வைக்காதீர்கள். அவர்கள் ஊரில் சிலிச் சரக்கைப் பிஸ்கோ என்ற பெயரில் விற்கவே முடியாது.